இரவல் மெருகு: வெனிஸ் நகரத்து வண்ண அறைகலன்கள்

(பத்தாமாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்விழாவில் பேசுவோர் இலக்கியத்திற்கு வெளியேயுள்ள ஏதேனும் ஒரு கலையை எடுத்துக்கொள்ள வேண்டும் என அமைப்பாளர்கள் விதி வகுத்தார்கள். கோயிற்கலையையும் இசையையும் நாட்டியத்தையும் எனக்கு முன் பேசியோர் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு எஞ்சியவை நாற்காலியும் பெட்டியுமே. அவையும் நம் ஊர்ப் பெட்டிகள் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலியின் வெனிஸ் நகரில் வண்ணந்தீட்டி மெருகேற்றிச் செய்யப்பட்ட இழுப்பறைப் பெட்டிகள், எழுதுமேசைகள், நிலைப்பேழைகள். சிலர் புன்னகைப்பது தெரிகிறது. நம் வட்டத்தில் பத்தாண்டுகளாக ஓயாது நடக்கும் ஒரு வழக்கிற்கு இந்தப் பெட்டிகளுக்குள் சாட்சியம் இருக்கிறது. அதனால்தான் இவற்றை இவ்வளவு தொலைவு சுமந்து வந்தேன்.

வழக்கு யாதென நீங்கள் அறிவீர்கள். ஐக்கூவைத் தமிழில் எழுதலாமா, அயல்நாட்டு யாப்பில்லாக் கவிதையின் வழிவந்த புதுக்கவிதை நம்முடையதாகுமா, மொழிபெயர்ப்பைப் படைப்பென்று கொள்ளலாமா என்பதே அது. வந்த வடிவமெல்லாம் போலி என்பர் ஒரு சாரார். மூலத்தை அப்படியே கொணர்ந்துவிட்டோம், அதனால் போலி அன்று என்பர் மறுசாரார். கூர்ந்து நோக்கின் இரு சாராரும் ஒன்றில் உடன்பட்டவர்களே. மூலம் என்பது மேலே இருக்கிறது, வழிவந்தது கீழே இருக்கிறது என்னும் எண்ணத்தில் இருவர்க்கும் வேற்றுமை இல்லை. வழிநூலை நான்காக வகுத்து, மொழிபெயர்ப்பையும் அவற்றுள் ஒன்றாக அமைத்த தொல்காப்பிய மரபியல் இத்தனை பதற்றம் கொண்டதாகத் தெரியவில்லை.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். இவ்வறைகலன்களின் மேற்பூச்சை இத்தாலியர் 'லாக்கா' என்பர். இச்சொல் இத்தாலியில் பிறந்தது அன்று. வடமொழியில் 'லாக்ஷா' எனப்படுவது நம் அரக்கு. மரக்கிளைகளில் மொய்க்கும் சிறு பூச்சிகள் கசியவிடும் பிசின் அது. பாண்டவரை எரிக்கக் கட்டிய மாளிகை அந்த அரக்கினால் ஆனது. சொல் பாரசீகத்தையும் அரபியையும் கடந்து இலத்தீனுக்குச் சென்று 'லாக்கா' ஆயிற்று. 1400-ஆம் ஆண்டையொட்டி ஓவியர்க்குக் கையேடு எழுதிய சென்னினோ சென்னினி 'லாக்கா' எனக் குறிப்பது சிவப்பு வண்ணம் ஒன்றனையே. பின்னர்ச் சீனத்திலிருந்தும் சப்பானிலிருந்தும் கண்ணாடிபோல் மின்னும் கரிய பேழைகள் ஐரோப்பாவிற்கு வந்தபோது, அந்த மின்னலுக்கும் இதே பெயரை இட்டனர். சீனப் பூச்சில் நம் அரக்குப் பூச்சியின் பிசின் இல்லை. அது ஒரு மரத்தின் பால். வெனிஸ்காரர் செய்ததோ இரண்டும் அல்லாத மூன்றாவதொன்று. ஆக, பெயர் இந்தியாவிலிருந்தும் ஆசை சீனத்திலிருந்தும் சென்றிருக்கின்றன.

இன்னொரு சொல் நமக்கு மேலும் நெருக்கமானது. சீனத்தில் செய்த பெரிய மடிப்புத் தட்டிகள், பெரும்பாலும் பன்னிரண்டு பலகைகள் கொண்டவை, பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பிய அரண்மனைகளை அடைந்தன. கரிய பூச்சின்மேல் உருவங்களைக் குடைந்து, குடைந்த பள்ளத்தில் வண்ணமும் பொன்னும் நிரப்பிய வேலைப்பாடு அது. அவற்றை ஐரோப்பியர் 'கோரமண்டல்' தட்டிகள் என்றனர். இன்றும் அப்படியே அழைக்கின்றனர். கோரமண்டல் என்பது சோழமண்டலம். நம் கரையில் எவரும் அவற்றைச் செய்யவில்லை. கிழக்கிந்தியக் குழுமங்களின் கப்பல்கள் சீனச் சரக்கை நம் கரைத் துறைகளில் மாற்றியேற்றிச் சென்றன. துறையின் பெயர் சரக்கின்மேல் ஒட்டிக்கொண்டது. இறக்கி ஏற்றியதன்றி வேறொன்றும் செய்யாத நாம் ஒரு கலைக்குப் பெயர் கொடுத்தவர்களாக விளங்குகிறோம். மூலம் மூலம் எனப் பேசுவோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

அந்தத் தட்டிகளுக்கு நேர்ந்த கதி வேடிக்கையானது. அவற்றை அறுத்துப் பேழைகளுக்குக் கதவுகளாகவும் கண்ணாடிச் சட்டங்களாகவும் பொருத்தினர். அறுத்தவர்க்குப் படத்தின் பொருள் தெரியாது. மனிதர் தலைகீழாயினர், மரங்கள் பக்கவாட்டில் படுத்தன. 1688-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இக்கலை பற்றி நூல் வெளியிட்ட ஸ்டாக்கர், பார்க்கர் என்னும் இருவர் இந்தக் கூத்தை எள்ளி நகையாடியுள்ளனர். மூலத்தை 'அப்படியே' கொணர்ந்தோம் என்பவர்க்கு என் விடை இத்தட்டிகளே. பொருள் சீனத்தினுடையதுதான், ஒரு பிளவுகூடப் போலி இல்லை. ஆயினும் படம் செத்துவிட்டது.

இனி வெனிஸ் பட்டறைக்குள் செல்வோம். மெய்யான சீன அரக்கைத் தரும் மரம் ஐரோப்பாவில் வளரவில்லை. முந்திரியும் மாவும் சேங்கொட்டையும் சேர்ந்த குடும்பத்து மரம் அது. சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் வெந்துபோகும் என்பதும், சலவைத் தொழிலாளர் துணிக்குக் குறியிட அதனைக் கொண்டனர் என்பதும் நம்மவர் அறிந்தவை. சீன மரத்தின் பாலும் அவ்வாறே தோலைப் புண்ணாக்குவது. அது காற்றில் உலர்வதன்று. ஈரக்காற்றில் மெல்ல மெல்ல இறுகுவது. இறுகிய பின் நீரோ மதுவோ அதனை எளிதில் அசைக்க இயலாது. அந்தப் பால் நெடிய கடற்பயணத்தைத் தாங்கி வந்துசேரவும் இல்லை. பேழைகளைக் கப்பலில் ஏற்ற முடிந்தது. பேழையின் உயிரை ஏற்ற முடியவில்லை. ஃபிலிப்போ பொனான்னி என்னும் ஏசு சபைத் துறவி, சீன வார்னிஷ் எனப்படுவது யாது, அதற்கு ஈடாக எதனைக் கொள்ளலாம் என்று ஆராய்ந்து 1720-இல் உரோமையில் ஒரு நூலே வெளியிட்டார். ஒரு நாட்டார் தம்மிடம் இல்லாத ஒரு மரத்தைப் பற்றி நூல் எழுதினர் என்றால், அவர்தம் ஏக்கத்தின் அளவை நாம் உணரலாம்.

ஈடாகக் கிடைத்தது சாண்டராக் என்னும் பிசின். வட ஆப்பிரிக்காவில், சிறப்பாக மொராக்கோவில் வளரும் ஊசியிலை மரமொன்றன் கசிவு அது. சாராயத்தில் கரைத்துத் தூரிகையால் பூச வேண்டும். சாராயம் ஆவியாகிப் போக, மெல்லிய கண்ணாடிப் படலம் நிற்கும். ஒரு படலத்தால் ஒன்றும் விளங்காது. பூசுவதும், உலரவிடுவதும், தேய்ப்பதும், மீண்டும் பூசுவதுமாகப் பத்துப் பன்னிரண்டு முறையும் அதற்கு மேலும் செய்தால்தான் ஆழம் பிறக்கும். இந்தப் பொறுமை ஒன்றில்தான் வெனிஸ்காரர் சீனரை நெருங்கினார் எனலாம்.

பூச்சுக்கு அடியில் இருப்பதைச் சொன்னால் நீங்கள் வியப்பீர்கள். மரம் மிக எளியது. நெட்டிலிங்கம் போன்ற பாப்லரும் பைன் வகைகளுமே. தச்சுவேலை கரடுமுரடு. பாரிசுத் தச்சர் முகம் சுளிக்கத்தக்க பொருத்துகள். இழுப்பறையை இழுத்தால் உள்ளே செதுக்கு உளியின் வடு அப்படியே தெரியும். பின்புறம் வெறும் பலகை. பொருத்துகள் விரிந்து பூச்சு வெடிக்காதிருக்க அவற்றின்மேல் துணி ஒட்டினர். அதன்மேல் வெண்சுதையை வச்சிரத்தில் குழைத்துப் பல அடுக்காகப் பூசி, தந்தம்போல் வழுவழுப்பாகத் தேய்த்தனர். தஞ்சாவூர் ஓவியம் தீட்டுவோரைக் கண்டவர்க்கு இவ்வேலை முற்றும் புதிதன்று. சில இடங்களில் வெண்சுதையைப் புடைப்பாக எழுப்பி அதன்மேல் பொன்னிடுவதும் உண்டு. அதற்குப் பின்னரே வண்ணம், வண்ணத்தின்மேல் சாண்டராக்.

ஆகவே இது மரவேலை என்பதைவிட ஓவியம் என்பதே பொருந்தும். பெட்டியின் வடிவில் நிற்கும் ஓவியம். சீனப் பூச்சில் கருமையும் செம்மையும் ஆட்சி செய்யும். வெனிஸ்காரர் தொடக்கத்தில் அவற்றையே பின்பற்றினார். குடைபிடித்த சீனர், வளைந்த பாலம், மீன்பிடிப்போர் என எல்லாம் பொன்வரைவில் வந்தன. சீனத்தையே காணாத கை வரைந்த சீனர் அவர்கள். முகம் வெனிஸ் முகமாகவே இருக்கும். பின்னர், நூற்றாண்டு நடுப்பகுதியில், ஏதோ ஒன்று அவிழ்கிறது. இளமஞ்சள் வருகிறது, பாசிப்பச்சை வருகிறது, வான்நீலமும் தந்தவெண்மையும் வருகின்றன. சீனர் மெல்ல ஒதுங்க, வெனிஸ் தோட்டத்து ரோசாவும் துலிப்பும் கொத்துக்கொத்தாய் இழுப்பறை முகப்பில் விழுகின்றன. ஆட்டிடையர், பாழடைந்த வளைவுகள், நாய்களோடு வேட்டைக்குச் செல்வோர் என அந்நகரத்தார் கோடைக்கு ஊர்ப்புற மாளிகைகளுக்குச் சென்றபோது கண்டவை, காண விரும்பியவை எல்லாம் புகுகின்றன. கால்வாய் நீரில் பட்டுத் தெறித்து அறைக்குள் அலையும் வெளிச்சத்திற்குக் கரிய பேழையைவிட இளமஞ்சள் பேழையே ஏற்றது என்பதை எந்தச் சீன ஆசானும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

என் எண்ணத்தில், மரப்பால் கிடைத்திருந்தால் இது நடந்திருக்காது. அந்தப் பாலின் இயல்பு கருமைக்கும் செம்மைக்கும் இணங்கியது. வெளிர்நிறங்கள் அதில் எளிதில் கூடிவருவதில்லை. சாண்டராக் நிறமற்ற தெளிவுடையதாதலின் அடியிலுள்ள எந்த நிறத்தையும் காட்டிக்கொடுக்கும். இல்லாமைதான் கதவைத் திறந்தது. யாப்போ சொல்லோ ஒத்துவராத இடத்தில் நம் மொழிபெயர்ப்பாளர் தடுமாறி, அத்தடுமாற்றத்திலிருந்து ஒரு புது நடை பிறந்த தருணங்களை இங்குள்ள கவிஞர்கள் நினைவுகூரலாம்.

மெய்யும் ஈடும் ஒரே சுவரில் நிற்கும் இடமும் இத்தாலியில் உண்டு. துரின் நகர அரண்மனையில் சீன அறை ஒன்றைக் கட்டிய கட்டடக்கலைஞர் ஃபிலிப்போ யுவாரா, 1732-இல் உரோமையில் மெய்யான சீன அரக்குப் பலகைகளை விலைக்கு வாங்கினார். அறைச்சுவரை மூட அவை போதவில்லை. எஞ்சிய பலகைகளைப் பியேத்ரோ மாஸ்ஸா என்பார் அதே பாங்கில் தீட்டி நிரப்பினார். போதாமையை இட்டு நிரப்பப் பணிக்கப்பட்ட இந்த மாஸ்ஸாவின்மேல் எனக்குத் தனிப் பரிவு உண்டு. அவருடைய பெயராவது நமக்குக் கிடைத்திருக்கிறது.

இனி நான் மிக விரும்பும் பகுதிக்கு வருகிறேன். கை ஓவியருக்குக் கூலி கொடுக்க இயலாதவர்க்கும் வண்ணப் பேழை வேண்டும் அல்லவா? வெனிஸிலிருந்து அதிகத் தொலைவில்லாத பஸ்ஸானோ நகரில் ரெமோண்டினி குடும்பத்தார் ஓர் அச்சகம் நடத்தினர். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் தோன்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்ற பேரச்சகம் அது. சாமி படங்கள், சுவரொட்டுத் தாள்கள், விளையாட்டுப் படங்கள் எனக் குறைந்த விலைத் தாள்களை உலகெங்கும் விற்றனர். தெசீனோ மலைப்பள்ளத்தாக்கின் ஆடவர் அப்படங்களைப் பெட்டியில் கட்டி முதுகில் சுமந்து, நடந்தே ஐரோப்பாவின் மூலைமுடுக்கெல்லாம் சென்றனர். அந்த அச்சகம் வெட்டி ஒட்டுவதற்கென்றே தாள்களை அச்சிட்டது. ஒரே தாளில் வரிசை வரிசையாய்ச் சிற்றுருக்கள்: வேடன், இடைச்சி, குதிரை, குடைபிடித்த சீனன், கொடி, பூங்கொத்து. அவற்றை நுண்ணிய கத்திரியால் வெட்டி, வண்ணமிட்டு, வெண்சுதை பூசிய பேழையின்மேல் ஒட்டி, தாளின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாத வரை சாண்டராக் பூசித் தேய்ப்பர். தொலைவிலிருந்து பார்த்தால் தீட்டியதுபோலவே தோன்றும். இதனை 'லாக்கா போவெரா' என்பர்; ஏழை அரக்கு எனப் பொருள். 'லாக்கா கொன்ட்ரஃபாத்தா' எனவும் வழங்குவர். அதற்குப் போலி அரக்கு என்று பொருள். ஈட்டிற்கும் ஈடு, நகலுக்கும் நகல்.

ஆனால் அந்தப் பேழைகளை உற்று நோக்குங்கள். ஒட்டியவர்க்கு வரையத் தெரியாமலிருக்கலாம். எங்கே ஒட்டுவது என்பது தெரிந்திருக்கிறது. பூட்டின் துளைக்கு மேலே ஒரு நாய் பாய்கிறது. துளையே அது துரத்தும் முயலின் வளையாகிவிடுகிறது. தட்டின் ஓரத்தில் இடையனுக்கும் சீனனுக்கும் நடுவே ஒரே ஒரு பூ, இருவரினும் பெரியதாய் நிற்கிறது. அளவுப் பொருத்தம் பற்றிய கவலையே இல்லை. கனவில் அளவுக்கென்ன வேலை? பிறர் வரைவைப் படியெடுக்கிறார் என்ற குற்றச்சாட்டு ரெமோண்டினியின்மேல் எழுந்ததுண்டு. ஆகவே அந்த நாயை முதலில் வரைந்தவர் எவரோ, செதுக்கியவர் எவரோ, வெட்டியவர் எவரோ. நாய் துளையை நோக்கிப் பாய வேண்டும் என்று முடிவு செய்தவரை நான் கவிஞர் என்றே சொல்வேன். சென்தொடுத்தல், பழமொழி அடுக்குதல் போன்ற பயிற்சிகளில் வளர்ந்த நம் கவியரங்கக் கவிஞர்கள் இதற்காக என்மேல் சினங்கொள்ளமாட்டார்கள் என நம்புகிறேன்.

அவர்தம் பெயர்கள் எங்கே போயின? வெனிஸ் ஓவியர் சங்கம் மிகப் பழையது. அதன் விதிகள் 1271-இல் எழுதப்பட்டவை. 'தெபென்டோரி' எனப்பட்ட அச்சங்கத்தில் படம் தீட்டுவோர், பொன்னிடுவோர், முகமூடி செய்வோர், சீட்டுக்கு வண்ணமிடுவோர், பேழைக்கு மெருகிடுவோர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தனர். பதினேழாம் நூற்றாண்டில் ஓவியர்க்கு இக்கூட்டுறவு கசந்தது. தாம் கலைஞர், ஏனையோர் கைத்தொழிலாளர் என முறையிட்டு, 1682-இல் தமக்கெனத் தனிக் கழகம் பெற்றுப் பிரிந்து சென்றனர். மெருகிடுவோர் பழைய சங்கத்திலேயே தங்கினர். வெனிஸ் அரக்குக்கலை தன் உச்சத்தை எட்டியது இப்பிரிவினைக்குப் பிறகே என்பதை இங்குக் கவனிக்க வேண்டும். கலை ஏறியது, கலைஞனின் நிலை இறங்கியது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஃபிளாரன்சில் நிலை இப்படி இல்லை. மணமகள் கொண்டுசெல்லும் பெட்டிகளையும் அறைச்சுவர்ப் பலகைகளையும் பேரோவியரே தீட்டினர். 1483-இல் ஒரு திருமணத்திற்காகப் போத்திச்செல்லியின் பட்டறை தீட்டிய அறைப்பலகைகளுள் மூன்று இன்று மத்ரீதின் பிராதோ அருங்காட்சியகத்தில் உள்ளன. சிறந்த ஓவியர்கள் அன்று இவ்வேலைக்கு நாணவில்லை, இன்றோ பலர் நாணுவர் என்று பதினாறாம் நூற்றாண்டிலேயே வசாரி எழுதிவைத்தார்.

வெனிஸ் குடியரசு 1797-இல் நெப்போலியனிடம் வீழ்ந்தது. பிரபுக்களின் மாளிகைகள் கைமாறின. பேழைகள் சந்தைக்கு வந்தன. பிற்காலத்தில் பழம்பொருள் திரட்டுவோர் அவற்றைத் தேடத் தொடங்கியதும், போலிக்குப் போலி செய்வோர் தோன்றினர். மெய்யாகவே பழையதான வெற்றுப் பேழை ஒன்றை எடுத்து, புதிதாய்ப் பூவும் சீனரும் தீட்டி விலையை உயர்த்துவது அவர்தம் வழி. கண்டுபிடிப்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. மெய்யான பேழையில் மரப்பூச்சி பூச்சையும் துளைத்து வெளிவந்திருக்கும். பின்னாளில் தீட்டியதில் வண்ணம் துளைக்குள் வழிந்திருக்கும். போலி என்னும் சொல்லை நான் இங்கேதான் ஏற்கிறேன். சீனப் பாங்கில் தீட்டிய வெனிஸ்காரர் தம் பேழையைச் சீனப் பேழை என்று விற்கவில்லை. காலத்தைப் பற்றிப் பொய் சொன்னவரே போலி செய்தவர்.

பழுதுபார்ப்போர் படும்பாடு தனிக்கதை. சாண்டராக் காலத்தால் மஞ்சளாகிறது. அடியிலுள்ள நீலம் பச்சையாகத் தெரிகிறது, வெண்மை தேனாகிறது. மஞ்சளைக் கரைக்கச் சாராயம் வேண்டும். கை சற்று அழுந்தினால் அடியிலுள்ள வண்ணமும் வந்துவிடும். கரைத்தால் செய்தவன் கண்ட நிறம் கிடைக்கலாம். இருநூற்றைம்பது ஆண்டு மெருகு போய்விடும். நான் கரைக்க வேண்டாம் என்னும் கட்சி. மாணவரிடம் பழைய உரைகளைப் பற்றிப் பேசும்போதும் இதே கட்சியில்தான் நிற்கிறேன்.

வெனிஸின் பெருங்கால்வாய்க் கரையில் கா ரெட்சோனிகோ என்னும் மாளிகை இருக்கிறது. 1936 முதல் அது பதினெட்டாம் நூற்றாண்டு வெனிஸுக்கான அருங்காட்சியகம். 1938-இல் அங்கே வெனிஸ் அரக்குப் பொருள்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது. கால்போ குரோத்தா மாளிகையிலிருந்து வந்த பச்சை அரக்கு அறைகலன்கள் அங்கே ஓர் அறையை நிறைத்து நிற்கின்றன. கரும்பச்சையில் பொன்னிறச் சீனர். அதே மாளிகையின் வேறோர் அறையில் ஜான்தொமேனிகோ டியெபோலோ 1791-இல் தீட்டிய 'புத்துலகம்' என்னும் சுவரோவியம் இருக்கிறது. பயாஸ்கோப்புப் பெட்டி போன்றதொரு காட்சிப்பெட்டியைக் காண ஊரே முண்டியடித்து நிற்கிறது. ஏறக்குறைய எல்லோரும் நமக்கு முதுகு காட்டுகின்றனர். அத்தகைய பெட்டிகளுக்குரிய படங்களையும் பஸ்ஸானோ அச்சகம் அச்சிட்டதுண்டு. சுவரோவியத்திற்கு டியெபோலோவின் பெயர் உண்டு. பச்சைப் பேழைகளைத் தீட்டியவர்க்குப் பெயர் இல்லை.

இதனைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நம் வட்டத்தின் மாத மடலில் பத்தாண்டுகளாக அயல்மொழிக் கவிதைகள் பல தமிழில் வந்துள்ளன. இவ்வுரைக்காக அவற்றைத் திரும்பப் புரட்டினேன். மூலக் கவிஞரின் பெயர் எல்லாவற்றிலும் இருக்கிறது. தமிழாக்கியவர் பெயர் பலவற்றில் இல்லை. தமிழாக்கியோர் பலரும் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். அவற்றுள் தேர்ந்தெடுத்த சில இவ்விழா மலரில் மறுபடி அச்சாகவிருப்பதாக மலர்க்குழுவினர் தெரிவித்தார்கள். அச்சுக்குப் போகுமுன் யார் யார் தமிழாக்கினர் என்பதை உறுப்பினரிடம் கேட்டறிந்து, மூலவர் பெயருக்குரிய அதே எழுத்தளவில், தலைப்பிற்குக் கீழேயே அப்பெயர்களையும் இடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பெயர்ப்பட்டியல் தொகுக்கும் பணியை நானே ஏற்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாயிலருகே ஏட்டோடு நிற்பேன்.